தன்னியக்க வலவனும் தாழ்வுயர எல்லையும்

வவுனியா விமானத்தளத்தின் ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடி உயரத்தில் அமைந்தது. கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டு திருத்தப்பட்ட உயரமானி 500 அடியைக் காட்டும்போது, அங்கு இறங்கும் விமானத்துக்கும் நிலத்துக்கும் இடையே எஞ்சுவது 200 அடியே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943, 1944ஆம் ஆண்டுகளில், பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் அணிகளின் பியூபோட் விமானங்கள் இத்தளத்திலிருந்து பறந்தன. ஓடுபாதையில் முள் பூச்சியத்தைக் காட்டுமாறு உயரமானியைத் திருத்தும் வழக்கம் அப்படையில் நெடுங்காலம் நிலவியது. காடும் குளமும் வயலுமாய்ப் பரந்த வன்னியில் இறங்குவோருக்கு அதனால் இடர் பெரிதில்லை, மோதுவதற்கு மலையேது? மலை சூழ்ந்த நாடுகளிலோ "எத்தனை அடி" என்பதிலும் "எதிலிருந்து" என்பதே பெரிய வினா. தன்னியக்க வலவனின் வரலாற்றிலும் அவ்வாறே.

செலுத்துவோனின்றி விண்ணிற் செல்லும் ஊர்தியைப் புறநானூறு கூறுவதுகொண்டு, பழந்தமிழர் இக்கருவியை அறிந்திருந்தனர் என்பாருமுளர். புலவராற் பாடப்பெற்ற புகழுடையோர் எய்தும் பேறே அங்கு பேசப்படுவது. அதனைப் பொறியியற் சான்றாக்குதல் பொருந்தாது. 1914ஆம் ஆண்டில் பாரிசில் லோரன்ஸ் ஸ்பெரி, கைரோஸ்கோப் என்னும் சுழற்கருவியால் நிலைநிறுத்தப்பட்ட விமானத்தில் தம் கைகளை உயர்த்திக் காட்டினார். உதவியாளர் சிறகின்மீது ஏறி நின்றார். கூடியிருந்தோர் வியந்தனர். கருவி பிழைத்தால் என்னாகும் என்ற கேள்வி பின்னரே எழுந்தது.

அக்கேள்விக்கான விடையே தாழ்வுயர எல்லை. சோதனைப் பறப்பில் கருவியை வேண்டுமென்றே பிழைக்கச் செய்வர். விமானி பிழையை உணர்ந்தபின்னும் இறங்குபாதையில் ஒரு விநாடியும் நெடும்பறப்பில் மூன்று விநாடியும் தாமதித்தே மீட்கத் தொடங்குவார். அதற்குள் இழந்த உயரம் அளக்கப்படும். அமெரிக்க விதிகள் நெடுங்காலமாக அவ்விழப்பின் இருமடங்கை அல்லது 500 அடியை, இவற்றுள் எது பெரிதோ அதனை, நெடும்பறப்பின் எல்லையாகக் கொண்டன. இறங்குகையிலும் இருமடங்குக் கணக்கே அடிப்படை: 40 அடி இழக்கும் விமானத்தில் 80 அடிக்குக் கீழ் கருவியை நம்பலாகாது. ஆக, இவ்வெல்லை இயந்திரத்தின் வலுவை மட்டுமன்றி, மனிதன் விழித்துக்கொள்ள எடுக்கும் நேரத்தையும் அளக்கிறது.

ஆனால் விழித்திருக்கவேண்டியவர் வேறெங்கோ பார்த்திருந்தால்? 1972 டிசம்பர் 29இல் புளோரிடாவில் ஈஸ்டேர்ன் நிறுவனத்தின் 401ஆம் பறப்பு 2,000 அடியில் தன்னியக்க முறையிற் சென்றது. எரியாத ஒரு சிறு விளக்கில் விமானிகளின் கவனம் முழுவதும் ஆழ்ந்திருக்க, உயரத்தைக் காக்கும் இணைப்பு அவர்கள் அறியாமலே விடுபட்டது. விமானம் மெல்ல மெல்ல இறங்கிச் சதுப்புநிலத்தில் வீழ்ந்தது. ஏறத்தாழ 100 பேர் மாண்டனர்.

இலங்கையின் துயரம் 1974 டிசம்பர் 4இல் நிகழ்ந்தது. இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர் 182 பேருடன் சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்கா நோக்கி வந்த மாட்டின்எயர் டி.சி. 8 விமானம், தானிருந்த இடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்துக்குக் கீழ் இறங்கி, நோட்டன்பிரிட்ஜ் அருகே சப்தகன்னி மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கடலோர ஓடுபாதைக்குத் தகுந்த உயரம், மலைநாட்டின்மேல் மரணமாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னர், அமெரிக்கத் தலைநகரை அணுகிய டி.டபிள்யூ.ஏ. 514ஆம் பறப்பும் இவ்வாறே மலையில் மோதி 92 உயிர்களைப் பலிகொண்டிருந்தது. அம்மாதமே அமெரிக்க அரசு பெரிய பயணிகள் விமானங்களில் நில அண்மை எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கியது. நிலத்துக்கும் விமானத்துக்கும் உள்ள இடைவெளியை வானொலி அலைகளால் நேரே அளந்து எச்சரிக்கும் கருவி அது.

பின்வந்த சிறிய பிராந்திய ஜெட் விமானங்களின் கைந்நூல்கள் இறங்குகைக்கு ஒரே எல்லையைக் கூறுவதில்லை. சாய்வுப் பாதையைக் காட்டும் வானொலிக் கதிர் உள்ள ஓடுபாதைக்குத் தாழ்ந்த எல்லை. அஃதில்லாத ஓடுபாதைக்கு உயர்ந்த எல்லை. பின்னையதில், நிலம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தன்னியக்க வலவனுக்குச் சொல்ல விமானியின் கண்ணன்றி வேறில்லை.