சீன ஐந்தியக்க நெறியில் நெருப்பியல்பும் தமிழ் மரபில் தெறலும்

ஐம்பூதக் கோட்பாட்டை ஆராயுமிடத்துச் சீனரின் ஐந்து மூலங்களை ஒப்பிட்டுச் செல்லும் வழக்கம் தமிழாய்வில் உண்டு. இரண்டிலும் எண் ஐந்து; இரண்டிலும் நிலமும் நீரும் நெருப்பும் உள. ஆதலின் ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றிற்று என்பாரும், போகர் சீனம் சென்ற செய்தியை அதற்குச் சான்றாக்குவாரும் உளர். இக்கருத்து பெரும்பாலும் எண்ணொற்றுமை ஒன்றையே நம்பி நிற்கின்றது. நெருப்பு என்னும் ஒரு மூலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எத்தகைய மனித இயல்பை இரு மரபுகளும் அதற்கு உரிமையாக்கின என நோக்கின், அவ்வொப்புமை எவ்வளவு தாங்கும் என்பது புலனாகும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதும் அன்று. நவி மும்பையின் கோபர்கைரனே போன்று சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு அமைத்த குடியிருப்புகளில் வீடு வாங்குவோர் வாஸ்துவையும் ஃபெங்சுயியையும் ஒருங்கே கேட்டறிவது புதிதன்று. வாஸ்து நெருப்பைத் தென்கிழக்கில், அக்கினி மூலையில் வைக்கின்றது. சீனமுறை தெற்கில் வைக்கின்றது. தெற்கு நமக்கு நமன் திசை. சீனர்க்கோ அரசன் முகம் நோக்கி அமரும் திசை. ஐந்தும் ஐந்தும் ஒன்றே என்று எண்ணி இரண்டையும் ஒரே அடுக்களையில் பொருத்த முயல்வோர் இவ்வேறுபாட்டைக் கருதுவதில்லை.

ஐந்தியக்கம்

சீனர் இதனை ‘வூ ஷிங்’ என்பர். ‘வூ’ என்பது ஐந்து. ‘ஷிங்’ என்பது நடத்தல், இயங்குதல் எனப் பொருள்படும். எனவே ‘ஐந்தியக்கம்’ எனல் பொருந்தும். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன அவை. வளியும் விசும்பும் இவற்றுள் இல்லை. மரமும் உலோகமும் நம் பூதங்களுள் இல்லை. ‘ஷாங்ஷு’ என்னும் தொன்னூலின் ‘ஹொங்ஃபான்’ பகுதி இவற்றைச் செயலால் விளக்குகின்றது: நீர் நனைத்துக் கீழிறங்குவது, நெருப்பு எரிந்து மேலெழுவது, கைப்புச் சுவையைத் தருவது. பொருள்கள் எவற்றால் ஆயின என்பதைவிட, ஒன்று மற்றொன்றாக எவ்வாறு மாறுகின்றது என்பதே அங்கு முதன்மை பெறுகின்றது. மரம் நெருப்பைப் பிறப்பிக்கும். நெருப்பு சாம்பலாகி மண்ணைப் பிறப்பிக்கும். நெருப்பு உலோகத்தை வெல்லும். நீர் நெருப்பை வெல்லும்.

இந்நெறியை அரசியலுக்கு உரியதாக்கியவர் கி.மு. 3ஆம் நூற்றாண்டினரான ட்சோ யான் என்பர். ஒவ்வோர் அரசமரபும் ஓர் இயக்கத்தின் ஆற்றலால் ஆள்கின்றது. அதனை வெல்லும் இயக்கத்தையுடைய மரபு அடுத்து வருகின்றது. சோ மரபு நெருப்புக்கு உரியது. அதனை வென்ற சின் மரபு கி.மு. 221இல் பேரரசை நிறுவியபோது நீரைத் தன் இயக்கமாகக் கொண்டு, கருநிறத்தையும் ஆறு என்னும் எண்ணையும் மேற்கொண்டது. இங்கு ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. சின் ஆட்சியின் கடுமையும், அருளின்றி அனைத்தையும் சட்டத்தால் முடித்த முறையும் நீரின் இயல்புக்கு ஒத்தனவாகக் கொள்ளப்பெற்றன என வரலாற்றாசிரியர் சிமா சியென் குறிக்கின்றார். நீரைக் கொடுமைக்கு உரியதாகக் காண்பது தமிழ்ச்செவிக்கு வியப்பளிப்பதாகும். பின்னர் ஹான் மரபை மீட்ட குவாங்வு பேரரசர் கி.பி. 26இல் நெருப்பையும் செந்நிறத்தையும் தம் மரபுக்கு உரியனவாக அறிவித்தார்.

நெருப்பு மாந்தர்

அரசமரபுக்கு உரியதாயிருந்த இயல்பு தனிமனிதனுக்கு உரியதாவதை மருத்துவ நூலில் காணலாம். ஹான் காலத் தொகுப்பாகக் கருதப்பெறும் ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ நூலின் ‘லிங்ஷு’ பகுதியில் 64ஆம் இயல், மாந்தரை ஐந்தியக்கத்தால் ஐந்தாகவும், ஒவ்வொன்றையும் மீண்டும் ஐந்தாகவும் பகுத்து, இருபத்தைந்து வகையாக்குகின்றது. அவ்வியல் காட்டும் நெருப்பு மாந்தன் செந்நிறத்தன், கூரிய முகமும் சிறுதலையும் சிறிய கைகால்களும் உடையவன், தோளசைத்து நடப்பவன். பொருளை மதியான், நம்பகம் குறைந்தவன், எண்ணம் மிகுந்தவன், எதனையும் தெளிவுறக் காண்பவன், உள்ளத்தால் விரைபவன். வேனிலைத் தாங்குவான், கூதிரிலும் பனியிலும் நோயுறுவான். நெடிது வாழான், திடுமென இறப்பான் என்றும் அந்நூல் கூறிவிடுகின்றது. நீர் மாந்தனுக்கு அது வழங்குவது இதனினும் கொடியது: அஞ்சாமை, பிறரை ஏய்த்தல், கொலையுண்டு இறத்தல். குணம் கூறத் தொடங்கிய நூல் ஊழ் கூறி முடிக்கின்றது.

நெருப்புக்குரிய உறுப்பு நெஞ்சம் என்பதும், உணர்வு மகிழ்ச்சி என்பதும் இம்மருத்துவ மரபில் நிலைபெற்றவை. எனினும் இவற்றைத் தொன்றுதொட்டு மாறாதவை எனக் கொள்ளுதல் தவறு. கி.பி. 100இல் நிறைவுற்ற ‘ஷுவோவென்’ அகராதியில் ஷு ஷென் நெஞ்சத்தை மண்ணுக்குரிய உறுப்பு என்றே பொருள் வரைந்து, அரசவைப் புலவர்கள் அதனை நெருப்புக்குரியது என்பர் எனப் பிறர் கொள்கையாகச் சேர்க்கின்றார். சீனத்துள்ளேயே இது கருத்து வேறுபாட்டுக்கு உரியதாயிருந்தது. இன்று விற்பனையாகும் கையேடுகளோ இதனை ஐயாயிரம் ஆண்டு அறிவு என ஒரே மூச்சில் உரைக்கின்றன.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் வெய் அரசில் பணியாற்றிய லியு ஷாவ், அலுவலரைத் தேர்ந்தெடுத்தல் குறித்து ‘ரென்வு சி’ என்னும் நூலை இயற்றினார். அதில் மரம் எலும்பாகவும், உலோகம் நரம்பாகவும், நெருப்பு உயிர்ப்பாகவும், மண் தசையாகவும், நீர் குருதியாகவும் அமைகின்றன. உயிர்ப்புத் தெளிந்து ஒளிர்வோன் பண்பட்ட ஒழுங்குடையோன். அதுவே சடங்கொழுக்கத்தின் வேர் என்பது அவர் கருத்து. மருத்துவன் கண்ட விரைந்தழியும் நெருப்பும் ஆட்சியாளன் கண்ட ஒளிரும் நெருப்பும் ஒன்றல்ல.

தெறலும் அளியும்

தமிழில் பூதங்களை மனித இயல்போடு இணைக்கும் தொன்மையான சான்று புறநானூற்றின் 2ஆம் பாடல். சேரமான் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகராயர் பாடியது. பகைவரைப் பொறுத்தல் நிலத்துக்கும், சூழ்ச்சியின் அகலம் விசும்புக்கும், வலிமை வளிக்கும், தெறல் தீக்கும், அளி நீர்க்கும் நிரல்நிறையாக அமைகின்றன. தீயும் நீரும் முரண்பட்டவை என்னும் உணர்வு இருமரபுக்கும் பொது. ஆயின் மதிப்பு முற்றிலும் மாறுகின்றது. சின் அரசின் கொடுமைக்கு ஒத்த நீர் இங்கே அருள். லியு ஷாவிடம் ஒழுங்கின் வேராகிய நெருப்பு இங்கே பகையழிக்கும் வெம்மை.

இதனினும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. லிங்ஷு ஒருவனுக்கு ஓர் இயக்கத்தைத் தலைமையாக்கி அவனை வகைப்படுத்துகின்றது. புறப்பாடலோ ஐந்தும் ஒருவனிடத்தே அமைந்தமையைப் போற்றுகின்றது. தெறல் மட்டுமே உடைய அரசனை அப்பாடல் அறியாது.

சினத்தின் இடமும் இங்ஙனமே வேறுபடுகின்றது. நெய்ஜிங் மரபில் சினம் மரத்துக்கும் ஈரலுக்கும் உரியது, நெருப்புக்கு உரியதன்று. தமிழிலோ வெகுளாமை அதிகாரத்தில் வள்ளுவர் சினத்திற்கு நெருப்பின் காரணப்பெயரையே சூட்டுகின்றார்.

வகைப்படுத்தும் போக்கு தமிழில் மருத்துவத்தின் வழியே வருகின்றது. சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என மூன்றைக் கொள்ளும். வளியும் விசும்பும் சேர்ந்து வாதம். நிலமும் நீரும் சேர்ந்து கபம். தீ மட்டும் துணையின்றித் தனித்து நின்று பித்தமாகின்றது. அழலுடலினர் வெம்மை பொறாதவர், பசி மிக்கவர், விரைந்து சினப்பவர், கூரறிவினர், இளமையிலேயே நரைப்பவர் எனப்படுவர். கூரறிவும் விரைவும் சீன நெருப்பு மாந்தனை நினைவூட்டுவன. ஆனால் அவன் தாங்கும் வேனிலை இவர் தாங்கார். பித்தம் என்னும் சொல் தமிழில் நோயின் எல்லை கடந்து மயக்கத்தையும் பேரன்பையும் சுட்டியது. சுந்தரர் தம் முதற்பதிகத்தில் இறைவனை அப்பெயராலேயே விளிக்கின்றார். சீன நெருப்புக்கு இத்தகைய சொல்வாழ்வு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

தொடர்பும் சான்றும்

தமிழகத்துக்கும் சீனத்துக்கும் தொடர்பே இல்லை என்பது இதன் பொருளன்று. சோழர் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவையை அடைந்தன. சுவான்சோ நகரில் கிடைத்த தமிழ்-சீனக் கல்வெட்டு, 1281இல் அங்குச் சிவனை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறுகின்றது. ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே இரு கொள்கைகளும் தத்தம் வடிவில் நிலைபெற்றுவிட்டன. போகர் பெயரால் வழங்கும் நூல்களின் மொழிநடை பிற்காலத்தது. சித்த மருத்துவப் பூதங்களுள் மரமோ உலோகமோ இடம்பெறவும் இல்லை.

உண்மையான சந்திப்பு பௌத்தத்தின் வழி நிகழ்ந்தது. நிலம், நீர், தீ, வளி என்னும் நான்கு பெரும்பூதங்களைச் சீனமொழியில் பெயர்த்தோர் அவற்றை வூ ஷிங் என்னாது ‘நான்கு பெரியன’ என வேறு பெயரிட்டு வழங்கினர். 671இல் சீனத்தை விட்டுப் புறப்பட்டு 695இல் மீண்ட யிஜிங், இந்திய மருத்துவத்தை விளக்குமிடத்து நோயின் காரணத்தை இந்நான்கின் குலைவாகவே எழுதுகின்றார். இரண்டையும் நேரில் அறிந்தோர் இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் வைத்தனர்.

மும்பையின் மசகானில் சீனக் குடியேறிகள் 1919இல் எழுப்பிய சீ யுப் கோயில் உள்ளது. அங்கு வழிபடப்பெறும் குவான் குங், நெருப்பைத் தன் இயக்கமாகக் கொண்ட ஹான் மரபின் உரிமைக்குப் போரிட்ட வீரர்; சீன நாடகமேடையில் அவர்க்குச் செம்முகம் தீட்டுவர். அச்செம்மை மேடையில் குறிப்பது வெகுளியை அன்று. தலைவனிடத்துக் கொண்ட பிறழாப் பற்றையும் வீரத்தையும் ஆகும்.