கடைசியாகக் கரையேறிய குரு

புனித பவுல் தம் சீடர் தீத்துவை விட்டுவந்த கிரேத்துத் தீவின் வடகிழக்கே எலுந்தா எனும் கடலோர ஊர் உள்ளது. விடுமுறைப் பயணிகள் அதன் எதிரே நீளும் தீபகற்பத்தில் நீராடிவிட்டு, அதன் முனைக்கு அப்பாலுள்ள ஸ்பினலோங்காத் தீவுக்குப் படகேறுகின்றனர். வெனிசியர் 1579-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை கண்ணைப் பறிக்கும். அவ்வரலாற்றை இங்கு விட்டுவிடுவோம்.

1903 முதல் 1957 வரை அத்தீவு தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த இடம். குற்றமற்றோரின் சிறை! எதிர்க்கரைச் சிற்றூர் கண்ணெதிரே தெரியும். அங்குச் செல்லத்தான் இயலாது. 1936-இல் கொண்டுவரப்பட்ட சட்ட மாணவர் ரெமுந்தாக்கிஸ், நோயாளர் சகோதரத்துவம் ஒன்றை நிறுவி அவர்தம் உரிமைக்காகப் போராடினார்.

மருந்து கண்டறியப்பட்டபின் எஞ்சியோர் ஏதென்சு சென்றனர். கிரேக்க மரபுவழித் திருச்சபைக் குரு ஒருவர் மட்டும் 1962 வரை அங்கேயே தங்கினார். இறந்தோருக்காக ஐந்தாம் ஆண்டிலும் மன்றாடுவது அவர்கள் மரபு. உறவினரும் மறந்த அக்கல்லறைகளுக்கு வேறு யார் இருந்தார்?