கொள்ளைநோய்த் தடுப்பும் மக்கள் நம்பிக்கையும்: பூவிருந்தவல்லி தரும் வரலாற்றுப் பாடம்

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மாண்டவர்களின் தொகையையும் மருந்து கண்ட அறிஞர்களின் பெயர்களையுமே பதிவு செய்துள்ளனர். நோய் ஊருக்குள் பரவாமல் காத்த நிர்வாகத்தின் வரலாறு அத்துணைக் கவனம் பெறவில்லை. வராத நோய்க்குக் கணக்கு எழுதுவார் இல்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். சென்னையின் மேற்கு வாயிலில் அமைந்த பூவிருந்தவல்லி என்னும் பூந்தமல்லி, அவ்வாறு எழுதப்படாத வரலாற்றில் முக்கிய இடம் பெறும் ஊராகும். அதனை முன்னிறுத்தி நாம் ஆராய விழைவது ஒரு வினாவையே: தொற்றுநோயைத் தடுக்க அரசின் அதிகாரம் மட்டும் போதுமா?

இவ்வினா புதியதன்று. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியது. அந்நாட்டை நோக்கிப் பயணம் செய்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்க் என்னுமிடத்தில் இச்செய்தி எட்டியது. அவர்கள் முஹாஜிர்களையும் அன்ஸாரிகளையும் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்து ஆலோசித்த பின்னரே திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள். நோயுள்ள ஊருக்குள் நுழைய வேண்டாம், இருக்கும் ஊரில் நோய் கண்டால் தப்பி வெளியேறவும் வேண்டாம் என்னும் கருத்துடைய நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்தபோது அம்முடிவு மேலும் உறுதி பெற்றது. இக்கட்டளையின் முதற்பகுதி எளியது. இரண்டாம் பகுதியோ தன்னலத்தைத் துறக்கச் சொல்வது. ஷாமிலேயே தங்கியிருந்த தளபதி அபூஉபைதா (ரலி) அவர்கள் அந்நோயிலேயே உயிர் நீத்தார்கள். காவலர்களை நிறுத்தி மட்டும் இத்தகைய கட்டுப்பாட்டை நிலைநாட்டிவிட இயலாது. மக்களின் உளமார்ந்த இசைவும் அதற்கு வேண்டும்.

இந்த இசைவைப் பெறாத நிர்வாகம் என்னாகும் என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி சான்று பகர்கிறது. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. புனே நகரில் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து நோயாளிகளைத் தேடினர். பெண்களின் கண்ணியம் குலைந்ததாக மக்கள் கொதித்தனர். பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் மாதம் சுடப்பட்டார். ஹஜ்ஜுப் பயணத்திற்கும் அவ்வாண்டு தடை விதிக்கப்பட்டது. அச்சத்தால் மக்கள் நோயாளிகளை மறைத்தனர். மறைக்கப்பட்ட நோயோ மேலும் பரவியது.

சென்னை மாகாணத்திலும் பொதுச் சுகாதாரம் படைவீரர் நலனை ஒட்டியே தொடங்கிற்று. 1864இல் இங்குச் சுகாதார ஆணையம் அமைக்கப்பட்டபோது அதன் முதற்கவலை ஆங்கிலப் படையின் உடல்நலமே. அந்நூற்றாண்டில் பூவிருந்தவல்லியும் ஐரோப்பியப் படைவீரர் தங்கும் இராணுவ நிலையமாகவே விளங்கிற்று. காலப்போக்கில் அக்கறை குடிமக்களின் பக்கம் திரும்பியது. அம்மைப்பால் தயாரிக்கும் பணிக்காகக் கிண்டியில் எழுந்த நிலையம், சுகாதார ஆணையர் கிங் அவர்களின் பெயரால் கிங் நிலையம் எனப்பட்டது. 1922இல் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்குநரகம் உருவாயிற்று.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இவ்வரிசையில் தலையாயது. இராஜாஜி அமைச்சரவையில் இத்துறையை ஏற்றிருந்தவர் டி.எஸ்.எஸ். இராஜன், அவர் தாமே ஒரு மருத்துவர். குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு, தாய் சேய் நலம், உணவுத் தூய்மை, விடுதிகள், சந்தைகள், திருவிழாக்கள் என நோய்க்கு முன்னுள்ள வாழ்வு முழுவதையும் இச்சட்டம் தழுவிற்று. அறிவிக்கத்தக்க நோய் கண்டால் மருத்துவர் அதனைத் தெரிவிக்க வேண்டுமெனவும் விதித்தது. 1897ஆம் ஆண்டுச் சட்டம் நோய் வந்த பிறகு விழிப்பது. 1939ஆம் ஆண்டுச் சட்டமோ நோய் வருமுன் விழித்திருப்பது. இவ்வேறுபாட்டை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும்.

எனினும் ஏட்டில் உள்ள சட்டத்தை வீதிக்குக் கொண்டு செல்ல ஆட்கள் வேண்டுமல்லவா? சுதந்திரத்திற்கு முன்னரே நாட்டின் சில இடங்களில் மாதிரிச் சுகாதாரப் பிரிவுகள் நிறுவப்பட்டன. வங்கத்தின் சிங்கூர், திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை ஆகியவற்றுடன் நமது பூவிருந்தவல்லியும் அவற்றுள் ஒன்று. இவ்வூரிலுள்ள பொதுச் சுகாதார நிறுவனம் சுகாதார ஆய்வாளர்களுக்கும் செவிலியர்க்கும் மருத்துவ அலுவலர்க்கும் பயிற்சி அளித்து வருகிறது. கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இடுவது, குழாய்நீரில் எஞ்சிய குளோரினைச் சோதிப்பது, ஒரே தெருவில் இருவருக்கு வயிற்றுப்போக்கு எனில் நீர் எங்கிருந்து வந்தது என விசாரிப்பது ஆகியவையே இவர்தம் அன்றாடப் பணி. ஆண்டு முழுவதும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த செவிலியருக்கு, கொள்ளைநோய்க் காலத்திலும் கதவு திறக்கும். துப்பாக்கியுடன் முதன்முறையாக வருபவருக்கு அது திறவாது.

விடுதலைக்குப் பின் பல மாநிலங்கள் பொதுச் சுகாதாரத்தை மருத்துவமனைத் துறையுடன் இணைத்துவிட்டன. தமிழகம் தனி இயக்குநரகத்தைக் கைவிடவில்லை. அதன் பயனை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்டோம். பல்லாயிரம் மக்கள் முகாம்களில் நெருங்கித் தங்கியபோதும் பெருங்கொள்ளைநோய் எதுவும் தலைதூக்கவில்லை.

இதற்கிடையே மேற்குப் புறநகரின் தோற்றம் மாறிவிட்டது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிகள் சூழ்ந்த சிற்றூர்கள் நெருங்கிய குடியிருப்புகளாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சியாயிற்று. சென்னை மாநகராட்சிக்கென ஒரு சுகாதாரத் துறை உண்டு. அதற்கு அப்பாலுள்ள பகுதி பூவிருந்தவல்லி சுகாதார மாவட்டத்தைச் சார்ந்தது. ஆவடியில் குடியிருந்து அம்பத்தூரில் பணிபுரியும் தொழிலாளி நாள்தோறும் இரு நிர்வாகங்களுக்கிடையே செல்கிறார். அவருடன் செல்லும் கிருமிக்கும் கொசுவுக்கும் எல்லைக்கோடு தெரியாது.

2020ஆம் ஆண்டில் இவை யாவும் ஒருங்கே சோதிக்கப்பட்டன. கோயம்பேடு சந்தையில் கொரோனா பரவவே, மே மாதம் அது மூடப்பட்டுப் பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்கு மாற்றப்பட்டது. செப்டம்பர் இறுதி வரை மாநகரின் காய்கறித் தேவையை அவ்வூரே தாங்கியது. அதற்குச் சற்று முன்னர், தில்லி நிஜாமுத்தீன் கூட்டத்திற்குச் சென்று வந்தோர் தாமாக முன்வருமாறு தமிழக அரசு வேண்டியபோது பலர் முன்வந்து சோதனைக்கு உட்பட்டனர். ஆனால் நோயாளிகளின் எண்ணிக்கையுடன் ஒரு சமுதாயத்தின் பெயரும் சேர்த்துப் பேசப்பட்டதால் அச்சமும் பழிச்சொல்லும் பரவின. பின்னர் அரசு அறிக்கைகள் 'ஒரே மூலம்' என்னும் பொதுச்சொல்லை ஆளத் தொடங்கின. சிறிய மாற்றம்தான் எனினும் இதன் பொருள் பெரிது. நோயைச் சொன்னால் பழி வரும் என்னும் நிலையில் எவரும் நோயைச் சொல்லார். அறிவிக்கத்தக்க நோய் என்னும் சட்டச்சொல்லே அப்போது பொருளிழந்து போகும்.

ஆகவே தொற்றைத் தடுக்க அதிகாரம் இன்றியமையாதது. ஆயினும் அது மட்டும் போதாது. நோய் இல்லாத நாளில் ஈட்டிய நம்பிக்கையே நோய் வந்த நாளில் செலவாகிறது. இதில் நமக்கும் பங்குண்டு. நம் பள்ளிவாசல் ஹவ்ழின் நீரைச் சோதிக்க வரும் ஆய்வாளரை வரவேற்பதும், மஹல்லாவில் காய்ச்சல் பரவினால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவிப்பதும் அப்பங்கின் தொடக்கமாகும். ஸர்க்கில் எடுக்கப்பட்ட முடிவுக்கும் பூவிருந்தவல்லியில் கற்பிக்கப்படும் பாடத்திற்கும் இடையே பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. இரண்டும் வேண்டுவது கலந்தாலோசிக்கும் அரசையும் மறைக்காத மக்களையுமே.