பிரான்சிஸ்கோ வரேலா: உயிரையும் மனதையும் சேர்த்துப் படித்தவர்

உயிர் என்றால் என்ன? பள்ளிப் புத்தகத்தில் இதற்கு ஒரு பட்டியல் இருக்கும். உயிருள்ளவை சுவாசிக்கும், உண்ணும், வளரும், இனப்பெருக்கம் செய்யும். ஆனால் மெழுகுவர்த்திச் சுடரும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, மெழுகைத் தின்கிறது, பக்கத்துத் திரிக்கும் பரவுகிறது. அதற்கு உயிர் இல்லை. கோவேறு கழுதை குட்டி போடுவதில்லை. அதற்கு உயிர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. பட்டியலில் எங்கோ இடிக்கிறது அல்லவா?

இந்தக் கேள்விக்குப் புதிய பதில் தேடியவர்களில் ஒருவர் பிரான்சிஸ்கோ வரேலா. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1946-இல் பிறந்தவர். உயிரியலில் ஆரம்பித்து மனம் பற்றிய தத்துவத்துக்கு வந்து சேர்ந்தவர்.

தவளையும் ஆசிரியரும்

சிலி பல்கலைக்கழகத்தில் வரேலாவுக்கு ஆசிரியராக இருந்தவர் ஹும்பெர்த்தோ மத்துரானா. தவளையின் கண் பற்றி 1959-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வில் மத்துரானாவுக்கும் பங்கு உண்டு. தவளையின் கண் ஒரு கேமரா போல எல்லாவற்றையும் படம் பிடித்து மூளைக்கு அனுப்புவதில்லை, சிறிய அசையும் பொருள் போன்ற சில விஷயங்களை மட்டும் கண்ணே பிரித்தெடுத்து அனுப்புகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. அதனால்தான் அசையாத ஈ கண் முன்னால் கிடந்தாலும் தவளைக்கு அது உணவாகத் தெரிவதில்லை. அதாவது ஒரு விலங்கின் உலகம் வெளியே தயாராகக் காத்திருப்பதில்லை, அந்த விலங்கின் உடலையும் பொறுத்தது. இந்தச் சிந்தனை வரேலாவைக் கடைசி வரை விடவில்லை.

அவர் ஹார்வர்டுக்குப் போய், பூச்சிகளின் கூட்டுக் கண்ணை ஆராய்ந்து 1970-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருக்கு வழிகாட்டியவர் டோர்ஸ்டன் வீசல். பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். பட்டம் வாங்கிய கையோடு வரேலா சிலிக்குத் திரும்பினார். அதே ஆண்டுதான் சால்வடோர் அலெண்டே அங்கே அதிபரானார்.

தன்னைத் தானே கட்டும் தொழிற்சாலை

ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து உருவாக்கிய கருத்துதான் ஆட்டோபோயெசிஸ். 'தன்னைத் தானே ஆக்கிக்கொள்ளுதல்' என்று சொல்லலாம்.

ஒரு கார் தொழிற்சாலை கார்களைத் தயாரிக்கிறது. அது தன் சுவரையும் இயந்திரங்களையும் தானே தயாரித்துக்கொள்வதில்லை. ஒரு செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் நடக்கும் வேதிவினைகள் செல் சவ்வை உண்டாக்குகின்றன. அந்தச் சவ்வு இருப்பதால்தான் வேதிப்பொருட்கள் சிதறாமல் ஓரிடத்தில் நின்று வினை புரிகின்றன. வினை நின்றால் சவ்வு அழியும், சவ்வு கிழிந்தால் வினை நிற்கும். இந்தச் சுழற்சிதான் உயிர் என்றார்கள் இருவரும். இந்தப் பார்வையில் சுடருக்கு உயிர் இல்லை, ஏனென்றால் அது தனக்கென்று எல்லை கட்டிக்கொள்வதில்லை. கோவேறு கழுதைக்கு உயிர் உண்டு.

இந்தக் கருத்து 1973-இல் ஸ்பானிய மொழியில் புத்தகமாகவும், 1974-இல் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் நாடே தலைகீழாகிவிட்டது. 1973 செப்டம்பர் 11 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அலெண்டே இறந்தார். அலெண்டேயை ஆதரித்த வரேலா குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறி முதலில் கோஸ்டாரிகாவுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். மத்துரானா சிலியிலேயே தங்கிவிட்டார்.

உள்ளே பார்க்கும் கண்

அமெரிக்காவில் வரேலாவுக்கு சோக்யம் துருங்பா என்ற திபெத்திய பௌத்த ஆசிரியரின் அறிமுகம் கிடைத்தது. வரேலா தியானம் கற்றுக்கொண்டு பௌத்தத்தைப் பின்பற்றத் தொடங்கினார். 1980-களின் நடுவில் பாரிஸுக்குக் குடிபெயர்ந்து, பிரான்ஸின் தேசிய ஆராய்ச்சி அமைப்பில் சேர்ந்தார். 1987-இல் தலாய் லாமாவும் விஞ்ஞானிகளும் தர்மசாலாவில் சந்தித்துப் பேசிய முதல் 'மைண்ட் அண்ட் லைஃப்' கூட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர்.

அந்தக் காலத்தில் மூளையை ஒரு கம்ப்யூட்டராகப் பார்ப்பதுதான் வழக்கம். வெளியிலிருந்து தகவல் வருகிறது, மூளை அதைக் கணக்குப் போடுகிறது, விடை வருகிறது. வரேலா இதை ஏற்கவில்லை. இவான் தாம்சன், எலினோர் ராஷ் ஆகியோருடன் சேர்ந்து 1991-இல் எழுதிய 'தி எம்பாடிட் மைண்ட்' என்ற புத்தகத்தில், மனம் தலைக்குள் மட்டும் நடக்கும் கணக்கு அல்ல, உடலோடு உலகில் இயங்குவதில்தான் மனம் உருவாகிறது என்று வாதிட்டார்.

1996-இல் ஒரு படி மேலே போனார். மூளையை எத்தனை கருவிகளால் அளந்தாலும், அந்த மூளைக்கு உரியவர் அப்போது என்ன உணர்ந்தார் என்பது கருவியில் பதிவாவதில்லை. அப்படியானால் உணர்ந்தவரையே கேட்க வேண்டும். ஆனால் சும்மா கேட்டால் போதாது. தன் அனுபவத்தைக் கவனித்துச் சொல்ல அவருக்குப் பயிற்சி வேண்டும். அந்த வாக்குமூலத்தையும் மூளையின் அளவீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒன்றால் மற்றொன்றைத் திருத்த வேண்டும். இந்த முறைக்கு நியூரோபினாமினாலஜி என்று பெயர் வைத்தார்.

இது வெறும் தத்துவமாக நின்றுவிடவில்லை. 1999-இல் அவருடைய குழு 'நேச்சர்' இதழில் ஒரு பரிசோதனையை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைத் திட்டுகளாக இருக்கும் ஒரு முகப்படத்தைக் காட்டினார்கள். நேராக வைத்தால் சட்டென்று முகம் தெரியும், தலைகீழாக வைத்தால் வெறும் திட்டுகள்தான். முகம் தெரிந்தபோது, மூளையில் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் பகுதிகளின் மின்னலைகள் ஒரே தாளத்தில் இணைந்தன. முகம் தெரியாதபோது அப்படி இணையவில்லை.

குறைகளும் இருந்தன. தன் அனுபவத்தைப் பற்றி ஒருவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான். தன் கருத்துகளின் எல்லை வரேலாவுக்கும் தெரிந்திருந்தது. ஜெர்மானிய சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் ஆட்டோபோயெசிஸை சமூகத்துக்குப் பொருத்தினார். செல்லுக்குச் சொன்னதை அப்படியே சமூகத்துக்கு நீட்டுவதில் வரேலாவுக்கு உடன்பாடில்லை.

அந்நியனின் கல்லீரல்

வரேலாவுக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்தது. 1998-இல் வேறொருவரின் கல்லீரல் அவருக்குப் பொருத்தப்பட்டது. இங்கேதான் வாழ்க்கை அவரிடம் விசித்திரமாக விளையாடியது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் என்பது எதிரியை அடிக்கும் படை மட்டுமல்ல, 'இது நான்' என்று உடல் தனக்குத் தானே வரையும் கோடு என்று அன்டோனியோ கூட்டின்ஹோவுடன் சேர்ந்து எழுதியவர் அவர். இப்போது உயிர் பிழைக்க வேண்டுமானால், அந்தக் கோட்டை மாத்திரை போட்டு அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய கல்லீரலை உடல் தள்ளிவிடும்.

வரேலா அதையும் ஆராய்ச்சியாக்கினார். தன் உடலுக்குள் இன்னொருவரின் உறுப்பு இருக்கும் அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினார். மற்றவர்களிடம் எதைக் கேட்டாரோ, அதையே தன்னிடமும் கேட்டார்: உள்ளே என்ன நடக்கிறது, கவனித்துச் சொல்.

2001 மே மாதம் அமெரிக்காவின் மேடிசன் நகரில் 'மைண்ட் அண்ட் லைஃப்' கூட்டம் நடந்தது. பயணம் செய்ய முடியாத நிலையில் இருந்த வரேலா, பாரிஸில் தன் வீட்டிலிருந்து இணையம் வழியாக அதைப் பார்த்தார். சில நாட்களில், மே 28 அன்று இறந்தார். வயது 54.

அவருடைய ஆசிரியர் மத்துரானா 2021 வரை வாழ்ந்தார். தியானம் செய்பவர்களின் மூளையை ஆய்வுக்கூடத்தில் அளப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் வரேலா கேட்டது அதைவிடப் பெரியது. அளக்கும் கருவிக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் வெறும் பரிசோதனைப் பொருள் அல்ல, அவரும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிக்காமல் மனம் பற்றிய வழக்கை முடிக்க முடியாது.