திரும்பி வராத படகுகள்

2019 ஜூன் மாதம் ஆபீஸ் வேலையாக ஸ்டுட்கார்ட்டில் மூன்று வாரம் இருக்க வேண்டி வந்தது. வேலை முடிந்ததும், சேர்த்து வைத்திருந்த லீவில் பதினாறு நாள் எடுத்து ரொம்ப நாள் ஆசை ஒன்றைத் தீர்த்துக்கொண்டேன். டான்யூப் நதியோரமாக சைக்கிளில், தனியாக, ஜெர்மனியின் உல்ம் நகரத்திலிருந்து ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட் வரை. சுற்றி வளைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். போனில் சொன்னபோது மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "நாப்பத்தி மூணு வயசுல உங்களுக்கு இது தேவையா?"

ஆற்றின் போக்கிலேயே போவதால் மேடு அதிகம் இல்லை, தேவையா இல்லையா என்பதை வழியில் யோசித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன்.

முதல் சிக்கல் சைக்கிள். நான் விசாரித்த வாடகைக் கடையில், எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் உல்மில் பழைய சைக்கிள் விற்கும் ஒரு பெரியவரிடம் 160 யூரோவுக்கு ஒன்று வாங்கினேன். "புடாபெஸ்ட்டில் இதை என்ன செய்வது?" என்று கேட்டேன். "விற்றுவிட்டுப் போ. இந்த ஊரில் அது பழைய வழக்கம்" என்று சிரித்தார். எனக்குப் புரியவில்லை. ஆற்றங்கரைக் கோட்டையில் இருக்கும் மியூசியத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படு என்றார்.

உல்ம் என்றால் பலருக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும். 1879ல் ஐன்ஸ்டைன் பிறந்த ஊர். 1890ல் கட்டி முடித்த 161 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட தேவாலயம். நூறு வருடத்துக்கு மேல் உலகிலேயே உயரமான தேவாலயமாக இருந்தது அதுதான், 2025ல் பார்சிலோனாவின் சக்ராதா ஃபமிலியா அதை முந்தும் வரை. ஆனால் பெரியவர் அனுப்பிய மியூசியம் வேறு கதை சொன்னது. 2000ல் திறந்த அந்த மியூசியம், இந்த ஆற்று வழியாக ஊரைவிட்டுப் போனவர்களுக்கானது.

கதை 1683ல் தொடங்குகிறது. வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கிப் படை தோற்றுப் பின்வாங்கியது. 1686ல் புடா ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு வந்தது. 1718ல் பானாட் என்ற பெரிய சமவெளியும் வந்தது. இன்று ருமேனியா, செர்பியா, ஹங்கேரி என்று மூன்று நாடுகளில் பிரிந்து கிடக்கும் பகுதி அது. நிலம் வந்தது, ஆனால் ஆள் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுப் போரில் ஊர்கள் அழிந்து சதுப்பு நிலமாகக் கிடந்தது. குடியேற வருகிறவர்களுக்கு நிலம் உண்டு, சில வருடம் வரி கிடையாது என்று பேரரசு ஆள் பிடிக்க ஆரம்பித்தது. தென்மேற்கு ஜெர்மனியிலோ இருந்த கொஞ்ச நிலமும் அண்ணன் தம்பிகளுக்குள் துண்டாகிக் கொண்டிருந்தது. போர்களும் பிரபுக்களின் வரிகளும் வேறு. கிளம்பினார்கள். 1720களில் ஒரு அலை, 1760களில் மரியா தெரசா காலத்தில் ஒரு அலை, 1780களில் அவர் மகன் இரண்டாம் யோசப் காலத்தில் ஒரு அலை. மொத்தம் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அவர்களில் பெரும்பாலோர் படகேறிய இடங்களில் முக்கியமானது உல்ம். 1712 முதல் வாரம் ஒருமுறை இங்கிருந்து வியன்னாவுக்குப் படகு உண்டு. அடிப்பாகம் தட்டை, நடுவில் ஒரு மரக்குடிசை, முன்னாலும் பின்னாலும் நீளத் துடுப்பு, அவ்வளவுதான். பார்த்தவர்கள் கேலியாக 'உல்ம் பெட்டி' என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தண்ணீர் நன்றாக இருந்தால் ஒன்பது பத்து நாளில் வியன்னா.

அந்தப் படகு திரும்பி வராது. அத்தனை தூரம் எதிர்நீரில் இழுத்து வருவது கட்டுப்படியாகாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பிரித்து, பலகையாகவும் விறகாகவும் விற்றுவிடுவார்கள். பெரியவர் சிரித்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

இன்னொரு விஷயம். போனவர்கள் எல்லோரும் ஸ்வாபியர்கள் இல்லை. லொரேன், பலட்டினேட், ஹெஸ்ஸே என்று பல பகுதிக்காரர்கள், பல வட்டார வழக்குகள். ஆனால் போன இடத்தில் இருந்தவர்களுக்கு எல்லோரும் 'ஸ்வாபியர்'தான். டெல்லியிலும் மும்பையிலும் கன்னடக்காரர், மலையாளி, தெலுங்கர், நாம் என எல்லோரையும் ஒரே 'மதராஸி' ஆக்கினார்களே, அதே கணக்கு!

கெல்ஹைம் என்ற ஊருக்குப் பிறகு கரையில் கிலோமீட்டர்ப் பலகைகள் வர ஆரம்பித்தன. டான்யூபில் கணக்கு முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறது. கருங்கடலில் பூஜ்யம், மேலே வர வர எண் கூடும். பஸ்ஸாவில் 2,226, வியன்னாவில் 1,929. கீழே போகிறவனுக்கு எண் குறைந்துகொண்டே வரும். வெயிலில் மிதிக்கும்போது அது ஒரு சின்ன சந்தோஷம்.

பஸ்ஸாவைத் தாண்டி ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் பாதை தண்ணீரை ஒட்டியே போகிறது. இத்தனை சமமாக, இத்தனை ஒட்டி எப்படிப் பாதை போட்டார்கள் என்று வியந்தால், பல இடங்களில் அது சைக்கிளுக்காகப் போட்டதே இல்லை. அந்தக் காலத்தில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டி எதிர்நீரில் இழுத்துப்போன குதிரைகளின் பாதை. உப்பு, ஒயின், தானியம் ஏற்றிய பெரிய படகு வரிசைக்கு முப்பது நாற்பது குதிரைகள்கூடத் தேவைப்படும். 1829ல் வியன்னாவில் நீராவிக் கப்பல் கம்பெனி தொடங்கியபின் குதிரைகளுக்கு மெல்ல வேலை போயிற்று. சரக்கை மேலே கொண்டுவர இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள். கீழே போன மனிதர்களை மேலே கொண்டுவர யாரும் கயிறு கட்டவில்லை. அவர்கள் திரும்புவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

லின்ஸ் தாண்டி ஒரு காலையில் மவுத்ஹவுசன் வந்தது. அழகான ஆற்றங்கரை ஊர். மேலே குன்றில் நாஜிகளின் வதைமுகாம். 1938ல் கருங்கல் குவாரிக்காகவே இடம் பார்த்துத் தொடங்கியது. சுமார் 1,90,000 பேரை அங்கும் அதன் கிளை முகாம்களுக்கும் கொண்டுவந்தார்கள், குறைந்தது 90,000 பேர் செத்தார்கள். கல்லைச் சுமந்து ஏறவைத்த 186 படிகளை நின்று பார்த்தேன். அன்று மிதிக்க மனசு வரவில்லை. மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்பினேன்.

அடுத்து கிரைன். இங்கே ஆறு குறுகி, பாறைகளும் சுழல்களுமாகப் படகோட்டிகளை நடுங்க வைத்த இடம். பின்னாளில் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1959ல் முடிந்த அணைக்குப் பிறகு தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கிறது. பிள்ளைகுட்டியோடு அந்தப் பெட்டிப் படகில் இதைத் தாண்டியவர்களுக்குப் போகும் இடத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? வியன்னாவில் அதிகாரிகளிடம் பெயரைப் பதிந்து, வழிச்செலவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு மறுபடி படகு. போய் இறங்கினால் சதுப்பும் காய்ச்சலும். முதலில் வந்தவர்களுக்குச் சாவு, அவர்கள் பிள்ளைகளுக்கு வறுமை, பேரப்பிள்ளைகளுக்குத்தான் சோறு என்பது அவர்களுக்குள் வழங்கிய சொலவடையின் சாரம். ஆனால் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, அந்தச் சதுப்பைக் கோதுமைக் களஞ்சியமாக ஆக்கினார்கள். நம் தலைமுறைக்குத் தெரிந்த ஒரு பெயர் சொல்கிறேன். பழைய டார்ஸான் படங்களில் நடித்த ஜானி வைஸ்முல்லர் 1904ல் பிறந்தது பானாட்டில், இந்த வம்சத்தில்தான். 2009ல் நோபல் பரிசு வாங்கிய ஹெர்ட்டா ம்யுல்லரும் அந்தப் பகுதிக்காரர்தான்.

வியன்னா, பிராட்டிஸ்லாவா, எஸ்டர்கோம் தாண்டி, புடாபெஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சென்டென்ட்ரே என்ற சின்ன ஊர். இங்கே கதை எதிர்ப்பக்கமாகப் போகிறது. 1690ல் துருக்கிப் படைக்குப் பயந்து, தங்கள் மதத்தலைவர் மூன்றாம் ஆர்செனியேயின் பின்னால் தெற்கிலிருந்து மேலே வந்த செர்பியர்களில் பலர் குடியேறிய ஊர் இது. வந்தவர்கள் முதலில் கோயில்களை மரத்தில்தான் கட்டினார்கள். போர் முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவோம், அதுவரைக்கும் இது போதும் என்று நினைத்தார்கள். போர் முடிந்தது. திரும்ப முடியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் கல்லில் கட்டினார்கள். இன்றும் அந்தக் கோயில்கள் நிற்கின்றன. கோயில் கட்டியவர்களின் வம்சத்தில் பலர் முதல் உலகப் போருக்குப் பிறகு புதிதாக உருவான யூகோஸ்லாவியாவுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கோயில் வாசல் நிழலில் தயிரும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே (புளிக்காய்ச்சல் பாட்டில் பிராட்டிஸ்லாவாவிலேயே காலி) ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். புனேவுக்கு 2001ல் வந்தவன் நான். "இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் சென்னை" என்று சொல்லிச் சொல்லி வாடகை வீட்டிலேயே பதினெட்டு வருஷம். மரக்கோயில் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

புடாபெஸ்ட்டில் சைக்கிளை விற்பதற்கு முன் ஒரு இடம் பாக்கி இருந்தது. நகரத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள புடாஎர்ஷ். உல்ம் படகில் வந்தவர்களின் சந்ததி இருநூறு வருஷம் வாழ்ந்த ஊர். கல்லறைத் தோட்டத்தில் ஜெர்மன் பெயர்கள் இன்னும் இருக்கின்றன.

1941ல் ஹங்கேரியில் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. தாய்மொழி என்ன, எந்த இனம் என்று கேட்டார்கள். பலரும் உள்ளதைச் சொன்னார்கள். பிறகு போர், நாஜிகளின் கொடுமை, தோல்வி. டான்யூப் ஸ்வாபியர்களில் ஒரு பகுதியினர் ஹிட்லர் பக்கம் நின்றார்கள், எஸ்.எஸ். படையில் சேர்ந்தார்கள் என்பதும் உண்மை. மவுத்ஹவுசனைப் பார்த்துவிட்டு வந்தவன் அதை மறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் 1945 டிசம்பர் 29ல் வந்த அரசாணை, குற்றம் செய்தவனை மட்டும் தேடவில்லை. 1941 கணக்கெடுப்பில் தாய்மொழியோ இனமோ ஜெர்மன் என்று சொன்னவர்களும் வெளியேற வேண்டும் என்றது. 1946 ஜனவரி 19 அன்று முதல் ரயில் புறப்பட்டது இந்தப் புடாஎர்ஷிலிருந்துதான். ஆளுக்கு 100 கிலோ சாமான். 1948க்குள் ஹங்கேரியிலிருந்து மட்டும் சுமார் இரண்டு லட்சம் பேர். யூகோஸ்லாவியாவில் இருந்தவர்கள் முகாம்களில் அடைபட்டு ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ருமேனியாவிலிருந்து பலரை சோவியத் நாட்டுக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஹெர்ட்டா ம்யுல்லரின் அம்மா அதில் ஒருவர். 2012ல் ஹங்கேரி நாடாளுமன்றம் ஜனவரி 19ஐ நினைவு நாளாக அறிவித்தது.

ஆக, படகு திரும்பவில்லை, மனிதர்கள் திரும்பினார்கள், சரக்கு ரயிலில். முதலில் அனுப்பியது ஜெர்மனியின் அமெரிக்கப் பகுதிக்கு. உல்ம் இருந்ததும் அந்தப் பகுதியில்தான். தாத்தாவின் தாத்தா படகேறிய கரைக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கியவர்கள் இருந்திருப்பார்கள். குண்டுவீச்சில் பாழாகிக் கிடந்த ஊரில், பழைய உச்சரிப்போடு ஜெர்மன் பேசிய இவர்களை 'ஹங்கேரிக்காரர்கள்' என்று பார்த்தவர்களும் உண்டு. அங்கே ஜெர்மானியர், இங்கே ஹங்கேரியர்.

2011 கணக்கெடுப்புக்கு எங்கள் புனே வீட்டுக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்திருந்தார். எனக்குத் தாய்மொழி தமிழ் என்று எழுதிக்கொண்டார். அதுவரை அவரிடம் மராத்தியில் வாயடித்துக்கொண்டிருந்த என் மகளைக் காட்டி, "இவளுக்கு?" என்றார். "தமிழ்தான்" என்றேன். அவளுக்கு அப்போது ஏழு வயது, அ, ஆ கூட எழுதத் தெரியாது. அந்த ஒரு நொடித் தயக்கத்தை எட்டு வருஷம் கழித்துப் புடாஎர்ஷ் கல்லறைத் தோட்டத்தில்தான் மறுபடி நினைத்தேன். நமக்கும் அப்படி ஏதோ நடக்கும் என்று பயமுறுத்த வரவில்லை. நம் நாட்டுக்குள்ளேயே இடம் மாறினவர்கள் நாம், நினைத்தால் ராத்திரி ரயில் ஏறலாம். ஆனால் ஏறுவோமா? இருநூறு வருஷம் ஒரு மொழியைப் படிவத்தில் மாற்றிச் சொல்லாமல் வைத்திருந்தார்களே, அதற்கு வீட்டுக்குள் எவ்வளவு பேசியிருக்க வேண்டும்!

சைக்கிளை ஒரு கல்லூரி மாணவனுக்கு 70 யூரோவுக்கு விற்றேன். 90 யூரோ நஷ்டம் என்று மனைவி இன்றும் சொல்கிறாள். 2021ல் புனேயில் ஃபிளாட் வாங்கினோம். விருதுநகரில் அப்பா வாங்கிப்போட்ட மனையையும் விற்கவில்லை, மாதம் ஒருமுறை அம்மா போனில் ஞாபகப்படுத்துவார்: "எப்போ ஊருக்கு வந்து வீடு கட்டப்போறே?" செர்பியர்களாவது ஒரு முடிவுக்கு வந்து கல்லில் கட்டினார்கள். நான் இன்னும் வரவில்லை. ஊரிலிருந்து வந்ததும் ஒன்று மட்டும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம், மகளும் நானும் தமிழ் எழுத உட்கார்ந்தோம். முதல் ஆறு மாதம் சண்டை. இப்போது பாட்டிக்கு அவளே கடிதம் எழுதுகிறாள், றகரமும் ரகரமும் மட்டும் இடம் மாறி.