பொருளீட்டலும் பயணமும்: சாகச வீடியோ விளையாட்டுகளின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறியின் வளர்ச்சியையே முதன்மைப்படுத்துவர். ஆடுவோரின் காலம் எவ்வாறு செலவிடப்பட்டது என்னும் வினா அத்துணை கவனம் பெறுவதில்லை. சாகச விளையாட்டுகளில் இவ்வினா பணத்தை ஒட்டியே எழுகின்றது. ஒரேவகைப் பகைவரை மீண்டும் மீண்டும் வீழ்த்திப் பணம் சேர்ப்பதை ‘அரைத்தல்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் வழங்குவர். உழைப்பின் சலிப்பை உணர்த்தும் இச்செயல், பயணத்தையே உயிராகக் கொண்ட ஒரு கலைவடிவத்தினுள் எவ்வாறு இடம்பெற்றது என்பது ஆராயத்தக்கது.

இவ்வகை விளையாட்டின் தோற்றத்திலே செல்வமும் பயணமும் வேறுபட்டு நிற்கவில்லை. அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்து மமத் குகைத்தொகுதியை நேரில் ஆராய்ந்தவரான வில் குரோதர், 1970களின் நடுப்பகுதியில், தாம் அறிந்த குகையையே சொற்களாலான கணினி விளையாட்டாக அமைத்தார். 1977இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் அதனை விரிவுபடுத்தினார். அவ்வடிவில் 15 புதையல்கள் இருந்தன, முழுப்புள்ளி 350. ஒவ்வொரு புதையலும் ஒருமுறையே கிடைப்பது. ஆகவே, செல்வம் சேர்த்தல் என்பது குகையை முழுமையாக அறிதலாகவே அமைந்தது.

1986இல் யப்பானில் இருவேறு போக்குகள் உருவாயின. நின்ரெண்டோ நிறுவனத்தின் ‘செல்டா’வைப் படைத்த ஷிகெரு மியமோட்டோ, சொனோபே என்னும் ஊரில் குன்றுகளிலும் குகைகளிலும் அலைந்து திரிந்த தமது இளமை அனுபவத்தையே அதற்கு அடிப்படையாகக் கொண்டார். அதில் வழங்கும் பணமாகிய ‘ரூப்பி’யை ஒருவர் 255க்கு மேல் சேர்க்கவியலாது. கணினி நினைவகத்தின் ஓர் அலகு தாங்கும் உச்ச எண் அதுவாதலின், இவ்வரம்பு பொறியின் எல்லையைப் பிரதிபலிப்பதாகும். எனினும், அளவின்றிக் குவிப்பதற்கு அது இடமளிக்கவில்லை.

அதே ஆண்டில் யுஜி ஹொரி ஆக்கிய ‘டிராகன் குவெஸ்ற்’ வேறுவழியிற் சென்றது. அங்கே பகைவரை வீழ்த்துந்தோறும் பொன்னும் அனுபவப் புள்ளியும் சேரும். வாளும் கவசமும் பெரும்பாலும் பொன்னுக்கே கிடைக்கும். வீரன் மடிந்தால் பொன்னிற் பாதி போகும், அனுபவமோ குறையாது. கைத்திறன் குன்றியவரும் பொறுமையினால் முடிவை எட்ட இம்முறை வழிசெய்தது. அவ்வகையில் அதனை முற்றாகப் பழிப்பது பொருந்தாது. ஊருக்கு அப்பாற் செல்லுந்தோறும் இழப்பின் அச்சம் கூடுதலின், சேர்த்த பொன் பயணத்தின் கனத்தை உணர்த்தவும் செய்தது.

ஈட்டல் பயணத்தினின்றும் பிரியும்போதே குறை தோன்றுகின்றது. 2002ஆம் ஆண்டின் இறுதியில் யப்பானில் வெளிவந்த செல்டா தொடரின் ‘விண்ட் வேக்கர்’ இதற்குத் தக்க சான்றாகும். பெருங்கடலிற் படகோட்டித் தீவுதோறும் செல்வதே அதன் சிறப்பு. ஆயின், கதையின் இறுதிப் பகுதியில், கடலடியில் புதைந்த 8 துண்டுகளைத் தேடுதற்கு 8 வரைபடங்கள் வேண்டும். அவற்றை வாசித்துக் கொடுப்பவன் ஒவ்வொன்றுக்கும் 398 ரூப்பி கேட்பான். மொத்தம் 3,184 ரூப்பி. புதிய தீவைக் காணும் ஆவலுடன் கடலேறியவர், கட்டணத்திற்காகவே கடலிற் சுற்ற நேர்ந்தது. கடல் மாறவில்லை, அதிற் செல்வதன் நோக்கமே மாறிற்று. 2013இல் வெளிவந்த திருத்திய பதிப்பில் 5 துண்டுகள் நேரடியாகவே கிடைக்குமாறு அமைக்கப்பட்டன. கட்டணம் 3 வரைபடங்களுக்கு, அதாவது 1,194 ரூப்பியாகச் சுருங்கிற்று. படைத்தோரே தம் குறையை உணர்ந்து திருத்தினர் என்பதற்கு இம்மாற்றம் சான்றாகும்.

இத்தொடரின் 2017ஆம் ஆண்டுப் படைப்பான ‘பிரெத் ஒவ் த வைல்ட்’ தொடக்க நிலப்பகுதியைக் கடந்ததும் இறுதிப் பகைவனை நோக்கி நேரே செல்லவும் இடமளித்தது. கட்டாயக் கட்டணம் எதுவுமில்லை. அவ்வாறிருந்தும் ஆடுவோர் பலர் நேர்வழியை விடுத்து மலைகளிலும் காடுகளிலும் நெடுநாள் அலைந்தனர்.

ஆதலின், பணம் சாகசத்திற்கு இயல்பிலேயே பகையன்று என்பது பெறப்படும். அறியாத இடத்தை நோக்கி ஒருவரைச் செலுத்தும் பணம் பயணத்தை வளர்க்கின்றது. அறிந்த இடத்திலேயே அவரைக் கட்டிவைக்கும் பணம் பயணத்தைக் கூலிவேலையாக்குகின்றது. ஆடுவோர் ஈந்த காலத்தைப் படைப்பாளர் எவ்வாறு மதித்தனர் என்பதே இவ்விளையாட்டுகளை மதிப்பிடுதற்குரிய அளவுகோல் எனலாம்.