ஜாவா: ஒரு பெயரின் மறுபிறப்பு

பழைய பெயரைத் தாங்கிவரும் புதிய பொருளை வாங்குகிறவன் எதை வாங்குகிறான்? இக்கேள்வி என்னுள் எழக் காரணமாயிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். தில்லியில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றும் நான், சில ஆண்டுகளுக்கு முன் 'ஜாவா பெராக்' என்னும் வண்டியை வாங்கினேன். தாழ்ந்த ஒற்றை இருக்கை, மங்கிய கருநிறம், இருபுறமும் புகைக்குழாய். அவசரமின்றி நிதானமாக ஓட்டிச் செல்வோரின் மனத்துக்கு உகந்த வகை. கரோல் பாக்கில் பழைய வண்டிகளைச் செப்பனிடும் முதியவர் ஒருவரிடம் அதைப் பெருமையோடு காட்டினேன். அவர் கண்களை மூடிக்கொண்டு எஞ்சினின் ஒலியைச் சிறிது நேரம் கேட்டார். "பெயர் எனக்குத் தெரிந்ததுதான், பாபுஜி, குரல்தான் தெரியவில்லை" என்றார். அவர் சொன்னதன் பொருளை அறிய, அப்பெயரின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

ஜாவா என்றதும் இந்தோனேசியத் தீவை நினைப்பவர் உண்டு. அத்தீவுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. பிராக் நகரில் ஆயுதத் தொழிற்சாலை நடத்திவந்த பிரான்டிஷெக் யானெசெக் என்பார், 1929-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து அதன் மோட்டார் சைக்கிள் தொழிலை விலைக்கு வாங்கினார். தம் பெயரின் தொடக்கத்தையும் வாண்டரரின் தொடக்கத்தையும் இணைத்துப் புதுப் பெயரொன்று சூட்டினார். செக் மொழியில் அதை 'யாவா' என்றே உச்சரிப்பர். ஆகவே, இப்பெயர் பிறந்ததே ஒரு கைம்மாற்றத்தில்தான் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

1939-இல் ஜெர்மானியப் படை பிராக் நகரைக் கைப்பற்றியது. அடிமைப்பட்ட அந்நாள்களில், ஜாவா தொழிற்சாலையினர் சமாதான காலத்துக்கென 250 சி.சி. வண்டியொன்றை இரகசியமாக உருவாக்கிவந்தனர். போர் முடிந்தபின், 1946-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது. அதற்கு வாய்த்த பெயரே 'பெராக்'. கால்களில் சுருள்வில் கட்டிக்கொண்டு கூரைவிட்டுக் கூரை தாவிப் பகைவரை அலைக்கழித்த வீரன் ஒருவனைப் பற்றி அக்காலத்தில் பிராக் மக்கள் சொல்லிக்கொண்ட கற்பனைக் கதையின் நாயகன் பெயர் அது. முன் சக்கரத்தோடு பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பொருத்தப்பட்டிருந்த வண்டிக்கு அப்பெயர் பொருந்தியதில் வியப்பில்லை.

நம் நாட்டில் ருஸ்தம் இரானி, பரூக் இரானி ஆகியோர் 'ஐடியல் ஜாவா' என்னும் நிறுவனத்தை மைசூரில் நிறுவினர். மைசூர் மாநில ஆளுநராயிருந்த ஜெயசாமராஜ உடையார் அதனைத் தொடங்கிவைத்தார். யாதவகிரியில் அமைந்த அத்தொழிற்சாலையிலிருந்து 1961 முதல் வண்டிகள் வெளிவரலாயின. அவ்வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. உதைத்துக் கிளப்பும் நெம்புகோலும் கியர் மாற்றும் நெம்புகோலும் ஒன்றே. உள்ளே அழுத்தித் திருப்பினால் அதுவே உதைகோலாகிவிடும். 1973 முதல் அங்கே செய்யப்பட்டவை 'யெஸ்டி' என்ற பெயரைத் தாங்கின.

அவை ஈரடி எஞ்சின்கள். அச்சு ஒருமுறை சுழல்வதற்குள் ஒரு வெடிப்பு நிகழ்ந்துவிடும். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரிவதால் நீலப் புகை எழும். 1985-இல் ஹீரோ ஹோண்டா நிறுவனத்தின் 100 சி.சி. வண்டி, குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் செல்லும் நாலடி எஞ்சினோடு வந்தது. மக்களின் மனம் சிக்கனத்தை நாடியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் இறுகின. 1996-இல் மைசூர்த் தொழிற்சாலை மூடப்பட்டது, தொழிலாளர் வேலையிழந்தனர்.

இவ்விடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் உத்தியோகம் பார்த்த என் தந்தையார் ஒரு யெஸ்டி வைத்திருந்தார். தொழிற்சாலை மூடி இரண்டாண்டுகளுக்குப் பின், "இந்தப் புகைவண்டி எதற்கு, அப்பா?" என்று வற்புறுத்தி அதை விற்கச் செய்தவன் நான். அவர் மறுத்துப் பேசவில்லை. கிளப்பும் முறையை வாங்க வந்தவருக்கு இருமுறை காட்டிக்கொடுத்தார். அதன்பின் அவர் வேறு வண்டி வாங்கவே இல்லை.

என்னைப் போலன்றி, விற்க மறுத்தவர்கள் பலர். உதிரிப் பாகங்களைத் தேடி அலைந்தும், கிடைக்காதவற்றைக் கடைசலில் புதிதாகக் கடைந்தும் அவர்கள் தங்கள் வண்டிகளை ஓட்டிவந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவர்கள் கரோல் பாக் முதியவரைப் போன்ற மெக்கானிக்குகள். 2018 நவம்பரில், மஹிந்திராவின் ஆதரவுபெற்ற கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனம் ஜாவாவை மீண்டும் சந்தைக்குக் கொணர்ந்தபோது அப்பெயருக்கு மதிப்பு எஞ்சியிருந்ததென்றால், அதைக் காத்தவர்கள் இவர்களே. 2022-இல் யெஸ்டியும் மீண்டது. அப்பெயர் யாருக்கு உரியது என்னும் வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் வரை சென்றது.

புதிய வண்டிகள் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் உருவாகின்றன. என்னுடைய பெராக்கில் இருப்பது 334 சி.சி. நாலடி எஞ்சின்; திரவத்தால் குளிர்விக்கப்படுவது; பொத்தானை அழுத்தினால் கிளம்புவது. அச்சு இருமுறை சுழன்றால்தான் ஒரு வெடிப்பு. ஆதலின் குரல் மாறியே தீரும். மொழிபெயர்ப்புத் தொழிலில் இது எனக்குப் பழகிய விஷயம். மூலத்தின் பொருளை வேற்றுமொழியில் கொணரலாம். ஓசையைக் கொணர இயலாது. அதனால் மொழிபெயர்ப்பு பொய்யாகிவிடுவதில்லை. ஆனால் தன்னையே மூலம் என்று சொல்லிக்கொண்டால் பொய்யாகிவிடும்.

வாண்டரரிடமிருந்து யானெசெக்கிடமும், அங்கிருந்து மைசூருக்கும், இன்று பீதம்பூருக்கும் தொழில் கைமாறிவந்திருக்கிறது. பெயரை ஒப்பந்தத்தால் பெறலாம். பிராக்கிலும் மைசூரிலும் உழைத்த கைகள் அதற்கு ஈட்டித்தந்த நன்மதிப்போ, பெறுகிறவர் மேல் ஏறும் கடன். மரபுப் பெயரைச் செய்கிறவரும், என்னைப்போல் வாங்குகிறவரும், அக்கடனை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. கரோல் பாக் முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் என் வண்டியின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முதலில் இதற்கு எண்ணெய் போடுங்கள், பாபுஜி" என்றார்.